யாரைப் பிடிக்க இந்தக் கூட்டு? – ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பின் பயங்கரவாத எதிர்ப்பை முன்வைத்து

(ஆய்வு மாணவர்களின் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேசப்போவது பெரும்பாலும் நடு ஆசியாவைப் பற்றி. கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். எல்லாப் பெயர்களும் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பயங்கரவாதத்தை ஒழிக்கிறோம் என்று நாடுகள் கூடிக் கையெழுத்துப் போடுகின்றனவே, கடைசியில் அந்தக் கூட்டின் கையில் சிக்குவது யார்?

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பயங்கரவாதம் என்பது அரசுகள் இட்டுக்கட்டிய கதை என்று நான் சொல்ல வரவில்லை. 2004-இல் ரஷ்யாவின் பெஸ்லான் பள்ளிக்கூடத்தில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் குழந்தைகள். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். இப்படிக் கொன்றவர்கள் எல்லை தாண்டி ஓடினால், எல்லை தாண்டித்தான் பிடிக்க வேண்டும். அதற்கு நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த ஒத்துழைப்பு என்ன விதிகளின் கீழ் நடக்கிறது, அதை யார் கேள்வி கேட்க முடியும் என்பதுதான் என் கவலை.

என் முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பிராந்திய அமைப்புகளின் ஒப்பந்தங்களை வாசித்து வருகிறேன். சுவாரசியமான வாசிப்பு என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வரையறைக்குள் ஒரு சொல் கூடுவதாலோ குறைவதாலோ ஒரு மனிதர் சிறைக்குப் போகிறாரா, வீட்டுக்குப் போகிறாரா என்பது மாறிவிடுகிறது. அதனால் சொற்களிலிருந்தே தொடங்குவோம்.

சீனா, ரஷ்யா, கஜகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் ஆகிய 5 நாடுகளும் எல்லைப் பிரச்சினைகளைப் பேசித் தீர்க்க 1996-இல் ஷாங்காயில் கூடின. 2001 ஜூன் 15 அன்று உஸ்பெகிஸ்தானும் சேர்ந்தது. ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு பிறந்தது. அதே நாளில் இன்னொரு ஆவணத்திலும் 6 நாடுகளும் கையெழுத்திட்டன. பயங்கரவாதம், பிரிவினைவாதம், தீவிரவாதம் ஆகியவற்றை ஒடுக்குவதற்கான உடன்படிக்கை அது. தேதியைக் கவனியுங்கள். நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்பே இது கையெழுத்தாகிவிட்டது.

அந்த அரசுகளுக்கு உண்மையான அச்சங்கள் இருந்தன. தஜிகிஸ்தான் 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போரில் எரிந்தது. 1999 பிப்ரவரியில் உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டில் குண்டுகள் வெடித்தன. ரஷ்யாவுக்குச் செச்சன்யப் போர் இருந்தது. சீனாவுக்குச் சின்ஜியாங் இருந்தது. ஆனால் அந்த உடன்படிக்கை என்ன செய்தது? மூன்று வேறு வேறு விஷயங்களை ஒரே கயிற்றில் கட்டியது. குண்டு வைப்பவரும், தனிநாடு கேட்பவரும், அரசு 'தீவிரம்' என்று கருதும் கொள்கையுடையவரும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றார்கள். இந்த மூன்றையும் 'மூன்று தீய சக்திகள்' என்று சீன அரசு அழைக்கிறது.

2001 உடன்படிக்கையின் வரையறைகளில் குறைந்தபட்சம் 'வன்முறை' என்ற சொல் இருந்தது. தீவிரவாதம் என்றால் வன்முறையால் ஆட்சியைப் பிடிப்பது, அரசமைப்பை வன்முறையால் மாற்றுவது என்றுதான் அதில் எழுதியிருந்தார்கள். 2017-இல் தீவிரவாத எதிர்ப்புக்கென்றே தனியாக ஓர் உடன்படிக்கை வந்தது. அதில் செயலோடு 'கருத்தியல்' என்பதும் சேர்ந்துகொண்டது. வன்முறையோடு 'அரசமைப்புக்கு முரணான பிற செயல்கள்' என்பதும் சேர்ந்துகொண்டது. பிற செயல்கள் என்றால் என்னென்ன? அனுமதி மறுக்கப்பட்ட ஊர்வலமா, பதிவு செய்யப்படாத சங்கமா, துண்டறிக்கையா? அந்தந்த அரசு முடிவு செய்துகொள்ளலாம்.

அப்படி ஓர் அரசு முடிவு செய்த பிறகு மற்ற அரசுகள் என்ன செய்ய வேண்டும்? இதற்காகத் தாஷ்கண்டில் ஒரு நிறுவனம் இருக்கிறது. பிராந்தியப் பயங்கரவாத எதிர்ப்புக் கட்டமைப்பு என்று பெயர். சுருக்கமாக 'ராட்ஸ்' என்பார்கள். 2002-இல் ஒப்பந்தமாகி 2004-இல் செயல்படத் தொடங்கியது. உறுப்பு நாடுகள் தேடும் அமைப்புகள், அவற்றின் தலைவர்கள், உறுப்பினர்கள் பற்றிய தகவல்களைத் திரட்டி வைப்பது அதன் வேலைகளில் ஒன்று. அதன் ஆவணங்கள் யாரும் கைவைக்க முடியாதவை. அதன் மீது வழக்குத் தொடுக்க முடியாது. உங்கள் பெயர் அந்தத் தரவுத் தொகுப்பில் இருந்தால், அதை நீக்கக் கோரி நீங்கள் போய் நிற்க ஒரு நீதிமன்றம் அந்த அமைப்புக்குள் கிடையாது. இந்தத் தகவல் பரிமாற்றத்துக்கு முறையான மேற்பார்வையும் இல்லை, மனித உரிமைப் பாதுகாப்பும் இல்லை என்று ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளராக இருந்த மார்ட்டின் ஷெய்னின் 2009-இலேயே கவலை தெரிவித்தார்.

குற்றம் நடந்த பிறகு ஆளைத் தேடுவது ஒரு முறை. ஆளைப் பட்டியலில் ஏற்றிவிட்டு, அவர் செய்வதையெல்லாம் குற்றமாகப் பார்ப்பது இன்னொரு முறை. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வரலாற்றை வாசித்தவர்களுக்கு இந்த இரண்டாவது முறையை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, இது நடைமுறையில் எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம்.

உஸ்பெகிஸ்தானில் ஆண்டிஜான் என்றொரு நகரம். முகலாய அரசர் பாபர் பிறந்த ஊர். 2005-இல் அங்கே 23 தொழில்முனைவோர் மீது மதத் தீவிரவாத வழக்கு நடந்துகொண்டிருந்தது. மே 12 இரவு ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டம் சிறையைத் தாக்கி அவர்களை விடுவித்தது, அரசு நிர்வாகக் கட்டடத்தையும் கைப்பற்றியது. அது குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் நகரச் சதுக்கத்தில் கூடிய ஆயிரக்கணக்கானவர்கள் ஆயுதம் இல்லாத பொதுமக்கள். வறுமை, வேலையின்மை, அநீதி ஆகியவற்றைப் பற்றிப் பேச வந்தவர்கள். அரசுப் படைகள் அந்தக் கூட்டத்தின் மீது சுட்டன. இறந்தவர்கள் 187 பேர், பெரும்பாலும் பயங்கரவாதிகள் என்றது அரசு. பல நூறு பேர் என்றன மனித உரிமை அமைப்புகள். சுதந்திரமான பன்னாட்டு விசாரணைக்கு உஸ்பெக் அரசு கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மே 25 அன்று அதிபர் இஸ்லாம் கரிமோவ் பெய்ஜிங்கில் இறங்கினார். பீரங்கி முழங்க வரவேற்பு கிடைத்தது. ஜூலையில் கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானாவில் ஷாங்காய் அமைப்பின் உச்சி மாநாடு நடந்தது. அந்த மாநாட்டில்தான் இந்தியாவும் பாகிஸ்தானும் ஈரானும் பார்வையாளர் நாடுகளாகச் சேர்ந்தன.

துப்பாக்கிச் சூட்டுக்குத் தப்பிய நூற்றுக்கணக்கானவர்கள் எல்லையைக் கடந்து பக்கத்து நாடான கிர்கிஸ்தானுக்குள் ஓடினார்கள். இங்கேதான் இரண்டு சட்டங்கள் நேருக்கு நேர் மோதுகின்றன. கிர்கிஸ்தான் 1951 அகதிகள் உடன்படிக்கையில் இணைந்த நாடு. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து உள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. அதே கிர்கிஸ்தான் ஷாங்காய் உடன்படிக்கையிலும் கையெழுத்திட்ட நாடு. தேடப்படுபவரை ஒப்படைக்க வேண்டும், அரசியல் காரணம், மதக் காரணம் என்று சொல்லி விட்டுவிடக் கூடாது என்பது அதன் போக்கு. உஸ்பெகிஸ்தான் கடும் நெருக்கடி கொடுத்தது. ஐ.நா. அகதிகள் ஆணையம் 2005 ஜூலையில் 400-க்கும் மேற்பட்டோரை விமானம் ஏற்றி ருமேனியாவுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றியது. எல்லோருக்கும் அந்த விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. 2006 ஆகஸ்டில், ஆணையத்தால் அகதிகளாக ஏற்கப்பட்ட 4 பேரையும், தஞ்சம் கோரிய ஒருவரையும் கிர்கிஸ்தான் உஸ்பெகிஸ்தானிடம் ஒப்படைத்தது.

இப்போது இதே கதையின் இன்னொரு பாதியைக் கேளுங்கள். என் உரையில் முக்கியமான இடம் இதுதான்.

ரஷ்யாவில் இவானோவோ என்றொரு நெசவாலை நகரம். ஆண்டிஜான் கலவரத்துக்குப் பணம் கொடுத்தார்கள் என்று சொல்லி, அங்கே வாழ்ந்துவந்த உஸ்பெக் நாட்டவர் 12 பேரையும் கிர்கிஸ் நாட்டவர் ஒருவரையும் ஒப்படைக்குமாறு உஸ்பெகிஸ்தான் கேட்டது. ரஷ்யா 2005 ஜூனில் அவர்களைக் கைது செய்தது, ஒப்படைக்கவும் முடிவெடுத்தது. அதே ஆண்டு, அதே சம்பவம், அதே குற்றச்சாட்டு, அதே ஷாங்காய் அமைப்பு. ஆனால் இந்த 13 பேரும் ஒப்படைக்கப்படவில்லை.

ஏன்? ரஷ்யா அன்றைக்கு இன்னொரு பிராந்திய அமைப்பிலும் உறுப்பினர். ஐரோப்பிய கவுன்சில் என்பது அதன் பெயர். அந்த அமைப்புக்கு ஒரு நீதிமன்றம் இருக்கிறது, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். தனிமனிதர் தன் அரசுக்கு எதிராக அங்கே வழக்குப் போடலாம். இந்த 13 பேரும் போட்டார்கள். வழக்கு முடியும்வரை அனுப்பக் கூடாது என்று நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2008 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. உஸ்பெகிஸ்தானுக்கு அனுப்பினால் சித்திரவதைக்கு உள்ளாகும் ஆபத்து இருக்கிறது, ஆகவே அனுப்பக் கூடாது. சித்திரவதை செய்ய மாட்டோம் என்று உஸ்பெக் அரசு கொடுத்த உறுதிமொழியை நீதிமன்றம் போதுமானதாக ஏற்கவில்லை. பயங்கரவாதக் குற்றச்சாட்டு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் ஒருவரைச் சித்திரவதைக்கு அனுப்ப முடியாது என்பதை அதே ஆண்டு பிப்ரவரியில் இத்தாலி தொடர்பான ஒரு வழக்கிலும் அந்த நீதிமன்றம் உறுதிசெய்திருந்தது.

ஒரே சம்பவத்திலிருந்து இரண்டு கூட்டம். கிர்கிஸ்தானிலிருந்து ஒப்படைக்கப்பட்டவர்களுக்குப் போய் முறையிட அப்படியொரு நீதிமன்றம் இல்லை. இவானோவோவில் இருந்தவர்களுக்கு இருந்தது. அரசுகள் திடீரென்று நல்லவையாகிவிட்டதால் அந்த 13 பேர் பிழைக்கவில்லை. அரசு போட்ட கையெழுத்தைக் கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது, அதனால் பிழைத்தார்கள். உக்ரைன் போருக்குப் பிறகு, 2022 மார்ச்சில் ரஷ்யா ஐரோப்பிய கவுன்சிலிலிருந்து நீக்கப்பட்டது. செப்டம்பர் 16 முதல் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையும் அதைக் கட்டுப்படுத்தவில்லை. ஆக, இன்றைக்கு ரஷ்யாவில் இருக்கும் ஒரு நடு ஆசியத் தொழிலாளிக்கு அந்தக் கதவும் கிடையாது. ராட்ஸ் மட்டும் இருக்கிறது.

சீனாவின் உய்குர் மக்களுக்கு இந்தக் கூட்டு என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அகதியாகச் சென்று கனடா குடியுரிமை பெற்ற ஓர் உய்குர், 2006-இல் உஸ்பெகிஸ்தானுக்கு உறவினர்களைப் பார்க்கப் போனார். அங்கே கைதாகிச் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஆயுள் தண்டனை. கனடா எவ்வளவோ கேட்டும், அவருடைய கனடா குடியுரிமையையே சீனா ஏற்கவில்லை. 2011-இல் கஜகஸ்தான் ஓர் உய்குர் ஆசிரியரைச் சீனாவிடம் ஒப்படைத்தது. அவருக்கு ஐ.நா. அகதித் தகுதி கொடுத்திருந்தது, பிறகு அது திரும்பப் பெறப்பட்டிருந்தது.

2017-இல் சின்ஜியாங்கில் 'தீவிரவாத நீக்க' ஒழுங்குமுறை வந்தது. 'இயல்புக்கு மாறான' தாடி வளர்ப்பதும் முகத்தை மறைக்கும் துணி அணிவதும் தீவிரவாதத்தின் அடையாளங்களாக அதில் எழுதப்பட்டன. சீனச் சட்டங்களில் பயங்கரவாதம், தீவிரவாதம் என்ற சொற்கள் தெளிவில்லாமல் விரிந்து கிடக்கின்றன, அங்கே நடந்த பெருந்திரள் தடுப்புக்காவல் மானுடத்துக்கு எதிரான குற்றமாகக்கூட இருக்கலாம் என்று 2022 ஆகஸ்ட் 31 அன்று ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கை சொன்னது. அந்த அறிக்கையைப் பற்றி மனித உரிமைக் கவுன்சிலில் ஒரு விவாதம் நடத்தலாமா என்று அக்டோபர் 6 அன்று வாக்கெடுப்பு நடந்தது. கண்டனத் தீர்மானம் அல்ல, வெறும் விவாதம். ஆதரவு 17, எதிர்ப்பு 19. பாகிஸ்தானும் கஜகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் எதிர்த்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது.

இந்தியாவும் பாகிஸ்தானும் 2017 ஜூனில் முழு உறுப்பினர்களாகிவிட்டன. 2021 அக்டோபர் முதல் ஓராண்டுக்கு ராட்ஸ் கவுன்சிலின் தலைமையே இந்தியாவிடம் இருந்தது. ஆகவே, "இது வேறு யாரோ செய்வது" என்று நாம் ஒதுங்க முடியாது.

இந்தக் கூட்டு இந்திய மக்களுக்குப் பாதுகாப்பையாவது கொடுத்ததா? ஜெய்ஷ்-இ-முகமது தலைவர் மசூத் அசாரை ஐ.நா. தடைப் பட்டியலில் சேர்க்க இந்தியா 2009 முதல் முயன்றது. சீனா திரும்பத் திரும்பத் தடுத்தது. இந்தியா ஷாங்காய் அமைப்பில் சேர்ந்த பிறகும் தடுத்தது. 2019 மே 1 அன்றுதான் பெயர் ஏறியது. 2025 ஜூனில் சிங்டாவ் நகரில் பாதுகாப்பு அமைச்சர்கள் கூடியபோது, கூட்டறிக்கையில் பஹல்காம் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்று ராஜ்நாத் சிங் கையெழுத்திட மறுத்தார். செப்டம்பரில் தியான்ஜின் உச்சி மாநாட்டு அறிக்கையில் பஹல்காம் இடம்பெற்றது. கூடவே பாகிஸ்தானில் நடந்த ஜாபர் விரைவு ரயில் தாக்குதலும் குஸ்தார் தாக்குதலும் இடம்பெற்றன. உனக்கு ஒரு வரி, எனக்கு ஒரு வரி.

எனக்குப் புரிந்தது இதுதான். உறுப்பு நாடு ஒன்றின் ஆதரவோடு இயங்கும் ஆயுதக் குழுவை இந்தக் கூட்டால் தொட முடியவில்லை. தொட்டால் அந்த அரசுக்கு வலிக்கும். ஓர் அகதியை, நாடு கடந்த எதிர்க்கட்சிக்காரரை, சிறுபான்மை இனத்து ஆசிரியரை ஒப்படைத்தால் எந்த அரசுக்கும் வலிக்காது. அங்கே ஒத்துழைப்பு எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி ஓடுகிறது. வரையறை எவ்வளவு தளர்வாக இருக்கிறதோ, அவ்வளவு எளிதாக ஓடுகிறது.

வேறு மாதிரி எழுதவே முடியாதா? முடியும். நம் தெற்காசியாவிலேயே உதாரணம் இருக்கிறது. 1987 நவம்பர் 4 அன்று காத்மாண்டுவில் சார்க் நாடுகள் பயங்கரவாத ஒடுக்குமுறை உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் போர் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. கையெழுத்திட்டவர்கள் யாரும் மனித உரிமைக் காவலர்கள் அல்ல. ஆனாலும் அதன் 7-ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பு வைத்தார்கள். ஆளைக் கேட்கும் கோரிக்கை நல்லெண்ணத்துடன் செய்யப்படவில்லை, நீதியின் நலனுக்காகச் செய்யப்படவில்லை என்று தோன்றினால் ஒப்படைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சார்க் இன்று முடங்கிக் கிடக்கிறது. 2014-க்குப் பிறகு உச்சி மாநாடே நடக்கவில்லை. அந்தப் பிரிவும் முடிவை அரசின் கையில்தான் விடுகிறது. இருந்தும், மறுப்பதற்கான வழியைச் சட்டத்துக்குள்ளேயே எழுத முடியும் என்பதற்கு அது சான்று.

பன்னாட்டு ஆவணங்களின் தளர்வான சொற்கள் நம் வீட்டுக்குள் எப்படி வருகின்றன என்பதற்கு ஊபா சட்டத்தின் முகவுரையைப் படித்துப் பாருங்கள். 2001 செப்டம்பர் 28 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1373-ஆம் தீர்மானம் அதில் மேற்கோளாக நிற்கும். 2008 திருத்தத்தில் சேர்த்தார்கள். எல்லா நாடுகளும் பயங்கரவாதத்துக்கு எதிராகச் சட்டம் போட வேண்டும் என்கிற அந்தத் தீர்மானத்தில், பயங்கரவாதம் என்றால் என்ன என்ற வரையறை கிடையாது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் ஆனந்த் தெல்தும்டே 2020 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் பிறந்தநாளில், சிறைக்குப் போனார். பயங்கரவாதச் செயலில் ஈடுபட்டதற்கு முகாந்திரம் இல்லை என்று சொல்லி மும்பை உயர் நீதிமன்றம் பிணை கொடுக்க 2022 நவம்பர் ஆனது. அவருக்கு முறையிட ஒரு நீதிமன்றமாவது இருந்தது. தாஷ்கண்டில் இருக்கும் பட்டியலுக்கு அதுவும் இல்லை.

அதனால் நாம் கேட்க வேண்டியவை என்று நான்கைச் சொல்லி முடிக்கிறேன். பயங்கரவாதம் என்பது மக்கள் மீதான வன்முறையாக மட்டுமே வரையறுக்கப்பட வேண்டும், கருத்து அதற்குள் வரக் கூடாது. பட்டியலில் பெயர் ஏறியவருக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும், எதிர்த்து முறையிட வழி வேண்டும். நீதிமன்றம் பார்க்காமல் யாரையும் எல்லை தாண்டி ஒப்படைக்கக் கூடாது. சித்திரவதை ஆபத்து இருந்தால், எந்த உறுதிமொழியை நம்பியும் அனுப்பக் கூடாது. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் இன்றுவரை சேரவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. இந்த நான்கில் கடைசி இரண்டையும் நாம் முதலில் தில்லியிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்த உச்சி மாநாட்டுக் கூட்டறிக்கை வரும். 'பயங்கரவாதத்துக்கு எதிராக ஒன்றுபட்ட குரல்' என்று செய்தி ஓடும். அன்றைக்கு அறிக்கையின் கண்டன வரிகளோடு நிறுத்திவிடாமல், 'தீவிரவாதம்' என்ற சொல் எங்கே வருகிறது, எதோடு சேர்ந்து வருகிறது என்று தேடிப் படியுங்கள். உங்களில் சிலராவது இதை ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டால் மகிழ்வேன். தமிழில் இதைப் பற்றி எழுத இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

 இனி உங்கள் கேள்விகளுக்கு வரலாம்.